மிச்சம் வைத்தவன்

“சாப்பாட்டப் பாதியில விட்டுட்டானா? மிச்சம் நெறைய இருக்கா? அப்பாடா!”

போனை வைத்த சத்யப்ரியா, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமனார் விருமாண்டிக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைக்கூடத் தொடாத மனிதர்.

“சோத்த மிச்சம் வச்சா வையணும், தாயி. நீ என்னடான்னா கும்புடுற! யாரு அவன்?”

“எங்க கம்பெனியில வேல பாக்குறவன், மாமா. துளி விடாம தின்னு தீத்துக்கிட்டிருந்தான். பாதியில நிறுத்த வைக்க ரெண்டு வருசமாப் போராடுறோம்.”

“அடப்பாவிகளா! வேல பாக்குறவன் வயித்துல அடிக்கிறீங்களே! மிச்சத்த என்ன செய்வீங்க?”

“சுத்தம் பண்ணி வித்துருவோம்.”

விருமாண்டி முகம் சுளித்தார். “எச்சிலையா? அத எவன் திம்பான்?”

சத்யப்ரியா சிரித்தபடி, அவர் கையிலிருந்த மாத்திரையைக் காட்டினாள்.

“அவன் ஒரு பாக்டீரியா, மாமா. சோயாவுல எடுத்த கொழுப்புதான் அவன் சாப்பாடு. அவன் ஜீனை மாத்தி, பாதிச் சாப்பாட்டுல நிறுத்த வச்சிருக்கோம். இவன மாதிரி பாக்டீரியாக்கள் விட்டுவைக்கிற மிச்சத்துல இருந்துதான் உங்க வீசிங்குக்கு இந்த ஸ்டீராய்டு மாத்திரை செய்யிறாங்க.”

விருமாண்டி மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் மூச்சுக்குத் திணறிக் கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்தது அதுதான்.

அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார்.

“அவன நாளைக்கும் மிச்சம் வைக்கச் சொல்லு, தாயி.”