ஆறுதல் சொல்ல வந்தவர்

“அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். இன்னிக்கு ஒருநாள் வாயைத் தொறக்காதீங்க.”

வாசலிலேயே கையை நீட்டி மறித்தாள் நண்பனின் மனைவி.

கொத்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். அவள் பயந்ததில் நியாயம் இருந்தது.

சபையில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சுவர்மேல் வைத்துக் கோணல் பார்க்கிற கருவியை அந்த ஆள் பிரசங்கத்தின் மேலேயும் வைக்கிறார் என்று இளவட்டங்கள் கிண்டலடிக்கும்.

சாவு வீட்டில் ஒருவர், ‘நம்ம பெரியவர் இப்ப தேவதூதனா பறந்துக்கிட்டிருக்காரு’ என்று உருகியபோது, ‘மனுசன் செத்தா தேவதூதன் ஆக மாட்டான், அப்படி எங்கயும் எழுதலை’ என்று பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தவர். காணிக்கை போட்டால் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்ற வெளியூர்ப் பிரசங்கியாரிடம், ‘ஆண்டவரு என்ன வட்டிக்கடையா வெச்சிருக்காரு?’ என்று கேட்டுக் கூட்டத்தையே பாதியில் கலைத்தவர்.

அப்படிப்பட்ட வாய், இன்று பூட்டிக்கொண்டு உள்ளே போனது.

கட்டிலில் நண்பன் சாரக்காரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கட்டடத்துக்குக் கம்பு ஊன்றிக் கயிறு வரிந்து சாரம் கட்டுகிறவன். அவன் கட்டிய சாரத்தில் நின்றுதான் கொத்தனார் பாதி ஆயுசைப் பூசித் தீர்த்தார்.

குடியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் ஈரல் பழைய பாக்கியை மறக்கவில்லை. வயிறு பானையாக உப்பி, கைகால் குச்சியாகிக் கிடந்தான். நேற்றிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூட வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சபைச் செயலாளர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டுகிறவர். தங்கமான மனுஷன்.

“உங்களை மாதிரி நல்லவரு ஊர்ல யாருண்ணே இருக்கா? நீங்க செஞ்ச நல்லதே உங்களைப் பரலோகத்துல கொண்டுபோய்ச் சேத்துரும்.”

சுற்றி நின்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்கள். விதவைக்குக் கூலி வாங்காமல் கூரை போட்டது. முன்பின் தெரியாதவனுக்கு ரத்தம் கொடுத்தது. அப்பன் இல்லாத பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

எல்லாம் உண்மை.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சாரக்காரன் முழங்காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டே போனான்.

“பாருங்க, மனசு உருகுறாரு,” என்றாள் ஒருத்தி.

அது உருக்கம் இல்லை என்று கொத்தனாருக்குத் தெரியும். சுமக்க முடியாதவன் தலையில் இன்னொரு கல்லை வைத்தால் உடம்பு அப்படித்தான் ஒடுங்கும்.

அவர் மீசையைக் கடித்துக்கொண்டார். நண்பனின் மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். சரி என்று தலையைக் குனிந்துகொண்டார்.

செயலாளர் ஜெபத்தை ஆரம்பித்தார். “ஆண்டவரே, இவர் செய்த நன்மைகளையெல்லாம் நினைத்து இவரை…”

கட்டிலில் இருந்து ஒரு முனகல் வந்தது. அடிபட்ட மாடு போடுகிற சத்தம்.

“நிறுத்துப்பா,” என்றார் கொத்தனார்.

கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தார். சிமெண்டில் வெடித்த கையால் நண்பனின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

“நீ நல்லவன் இல்லடா.”

நண்பனின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“நானும் இல்லை. நல்லவன்னு பேரு வாங்கிட்டுத்தான் அங்க நுழையணும்னா நீ வெளியதான் நிப்பே. உன் பக்கத்துல நான் நிப்பேன். இந்த வீட்ல இருக்கிற அத்தனை பேரும் வரிசையா நிப்போம். நாமளே நடந்து போய்ச் சேர முடியும்னா, அவரு எதுக்குடா சிலுவையில தொங்கினாரு? வேற வேலை இல்லாமலா?”

பிறகு குனிந்து, காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

சாரக்காரனின் கண் அகலத் திறந்தது. முதலில் அதில் பயம்தான் இருந்தது. கொத்தனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் மாறவில்லை என்று தெரிந்ததும் உதடு கோணி, உப்பிய வயிறு குலுங்கக் குலுங்க, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“சளியை என் சட்டையில தொடைக்காதடா, நாயே.”

அழுகைக்கு நடுவில் சாரக்காரன் சிரித்துவிட்டான். அப்புறம், தண்ணீர் கேட்டான்.

மனைவி சமையலறைக்கு ஓடினாள்.

கொத்தனார் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். கோபப்படுவதா கும்பிடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

“காதுல அப்படி என்னண்ணே சொன்னீங்க?”

“வேதத்துல இருக்கிறதைத்தாம்மா.”

“அதானே. உங்களுக்கு வேற என்ன தெரியும்?” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனாள்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: “என் பையனை அடக்கம் பண்ணிட்டு வந்து, அந்தச் சாரத்துல ஏறிப் பாத்தேன்டா. குடிச்ச உன் கை போட்ட முடிச்சு அது. அதையும் சேத்துத்தான் அவரு சுமந்தாரு.”

கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பையன், சாரத்திலிருந்து விழுந்து செத்தான். கயிறு இற்றுப்போய் அறுந்தது என்றுதான் இன்றுவரை எல்லோரும் நம்புகிறார்கள்.

பையனைப் புதைத்த அந்த வாரத்தில்தான் கொத்தனார் வேதத்தை முதல் பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

அப்படி முடிச்சுப் போட்டவனுக்கு மன்னிப்பு உண்டா என்று தேடினார். உண்டு என்றுதான் இருந்தது.

இல்லை என்று எங்கேயாவது ஒரு வரி இருக்காதா என்று எத்தனையோ வருஷம் புரட்டினார்.