எதிர் வீட்டுப் பூதம்

ஏணி சுவரில் சாய்ந்ததுமே தெரு கூடிவிட்டது.

விடிந்தால் கியோத்தோவின் கியோன் திருவிழா. தேர் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். தேர் வருஷா வருஷம் வரும். இந்த வேடிக்கை வருமா?

ஓடு சுடும் கிஹெய், துணி சுற்றிய பொம்மையை மார்போடு அணைத்தபடி ஏறினான். விசிறிக் கடை சுகா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏணி ஆடியது.

எதிரே எண்ணெய்க் கடை. அதன் கூரை முகட்டில், கெடுதலை விரட்ட வைத்த பூத முக ஓடு. கொம்பும் கோரைப்பல்லுமாக நேரே சுகாவின் வாசலைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஓடு ஏறிய மாதமே சுகாவின் புருஷன் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். "உன் வீட்டுப் பூதம்தான்டி தள்ளிவிட்டுது!" என்று சுகா நடுத்தெருவில் நின்று கத்தினாள். எண்ணெய்க் கடை மினே சும்மா இருப்பாளா? "தள்ளிவிட்டது பூதம் இல்லடி, அவர் குடிச்ச குடி!" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே கிண்ணத்தில் ஊறுகாய் எடுத்துத் தின்றவர்கள், மூன்று வருஷமாக வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதுகூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் தெளித்தார்கள்.

கியோத்தோவில் இதற்கு ஒரே மருந்துதான். எதிர் வீட்டுப் பூதம் முறைத்தால், நம் தாழ்வாரத்தின் மேல் ஷோக்கியை நிறுத்திவிட வேண்டும். தாடியும் வாளுமாக அந்தப் பேயோட்டி முறைக்கிற முறைப்பில், வந்த கெடுதல் வந்த வழியே திரும்பி எதிர் வீட்டுக்குள் புகுந்துவிடும்.

"கிஹெய், இவனையாவது நல்லா முறைக்க விட்டிருக்கியா? எங்க வீட்டுக்கு நீ செஞ்சு கொடுத்த ஷோக்கி என் மாமனார் மாதிரி தூங்கி வழியுதுடா!" என்றான் பீப்பாய்க்காரன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய்க் கடை வாசலில் மினே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். துணி விலகியதும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால், அந்தக் கதவு இந்த ஜன்மத்தில் திறக்காது.

அது தெரிந்துதான் சுகா செய்யச் சொன்னாள். கிஹெய்யின் சூளையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, கண் இப்படி, கன்னம் இப்படி, வாய் இப்படி என்று தன் முகத்தையே கோணிக் கோணிக் காட்டியவள் அவள்.

கிஹெய் கம்பியை முறுக்கிப் பொம்மையை நிறுத்தினான்.

"இழுக்கட்டுமா அம்மா?"

"இழு!"

துணி பறந்தது.

தாடி இல்லை. வாள் இல்லை. உப்பிய கன்னங்களோடு, ஒன்றில் குழி விழ, கண்கள் இடுங்க, ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தெரு வாயைப் பிளந்தது. பிறகு யாரோ மெல்ல, "அட, இது நம்ம மினே!" என்றார்கள்.

மினேயேதான். சண்டைக்கு முந்தைய மினே.

அவ்வளவுதான், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தது. சுகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர் சிரிக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. என்னைக் கேலிப்பொருளாக்கிக் கூரையில் ஏற்றிவிட்டாள் என்றுதானே மினே நினைப்பாள்!

மினேயின் முகம் சிவந்துபோயிற்று. விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்தாள். சிரித்தவர்கள் கப்சிப்பென்று அடங்கி வழிவிட்டார்கள். ஏணியடியில் நின்று, அண்ணாந்து, பொம்மையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடிப் பாவி!" என்றாள். "கன்னக்குழி எனக்கு அந்தப் பக்கமா விழும்?"

கிஹெய் கூரை மேலேயே தலையில் அடித்துக்கொண்டான். செதுக்கிய அச்சில் களிமண்ணை அமுக்கினால் இடது வலதாகிவிடும். அது தெரிந்து எத்தனை ஷோக்கிக்கு வாளைச் சரியான கையில் கொடுத்தவன், இந்த ஒரு குழியில் கோட்டை விட்டிருந்தான்.

மூன்று வருஷத்தில் மினே சுகாவிடம் பேசிய முதல் பேச்சு! குழி எந்தப் பக்கம் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சுகாவுக்குத் தெரியும்.

"மறந்துபோச்சுடி," என்றாள். "எந்தப் பக்கம்?"

சிரித்தால் மட்டுமே விழுகிற குழி அது. மினே காட்டினாள்.