அருள்தாஸின் டிராயர்

நாவை வென்றவனுக்கு இவ்வுலகில் வெல்ல வேறொன்றும் பாக்கியில்லை. தலைமை எழுத்தர் தணிகாசலம் இதை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சர்க்கரை அவருடைய கால்விரல் ஒன்றை ஏற்கெனவே வாங்கிக்கொண்டது. அடுத்தது பாதம் என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து, நாலு மணிக்கு வரும் பஜ்ஜித் தட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டே திருப்பி அனுப்பினார்.

பக்கத்து நாற்காலி அருள்தாஸ் உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவர் டிராயரை ஒழித்துக் கொடுக்கும் வேலை தணிகாசலத்தின் தலையில் விழுந்தது. எதிரே அருள்தாஸின் மனைவி ஸ்டெல்லா மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி, ஜெபமாலை, பிரிக்காத மாத்திரை அட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கடைசியில், உள்ளே தள்ளி, பாதி தீர்ந்த காராசேவுப் பொட்டலம். பார்த்தால் அந்த அம்மாள் மனசு உடைந்துபோவாள். மறைப்பதற்காகத்தான் குனிந்தார். பூண்டு வாசனை குப்பென்று வந்தது.

அவர் நிமிர்ந்ததும் ஸ்டெல்லா கேட்டாள்: "நொறுக்குத்தீனிய தொடுறதே இல்லன்னு பைபிள் மேல கைய வச்சு சொன்னாருண்ணே. இங்கயும் தின்னதில்லதானே?"

தணிகாசலம் இல்லையென்று தலையாட்டினார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அழாதீங்கண்ணே. நீங்களாச்சும் ஒடம்பப் பாத்துக்கிடுங்க," என்று அவளும் அழுதாள். "அவரப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

அவரால் சொல்ல முடியவில்லை. வாய் நிறையக் காராசேவு இருந்தது.