தள்ளக்கூடாது, இழுக்கக்கூடாது

வண்டியின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. சாவியைத் திருகி, இன்ஜின் உறுமி, தலைகால் புரியாத சந்தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தபோதுதான் உறைத்தது, எதைக் கோட்டை விட்டிருக்கிறேன் என்று.

இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது.

ஒரு காலத்தில் இருந்தது. பல் கொட்டிப் பதினொரு வருஷம். அந்த வாரமே மூக்கை உள்ளே விட்டு ஷெட்டில் நிறுத்தியவன்தான், அப்புறம் வெளியே எடுக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவன் நான். என் முன்னால் இருக்கும் சுவர் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதமாக நினைப்பெல்லாம், இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்தான். கியர்பெட்டியும் அதுவும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இது, ரெண்டு பேர் உட்காரலாம், இன்ஜின் பின்பக்கம். அந்தக் கூட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் போட்டேன். டிஃபரன்ஷியலில் தேய்ந்திருந்த பல்சக்கரம், பேரிங், வாஷர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினேன். அக்கா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். நான் சாப்பிட்டேனா என்பது எனக்கே ஞாபகமில்லை.

எல்லாம் ஃபிட்டருக்காக.

பஸ் டிப்போவில் ஃபிட்டர். கண் பரிசோதனைக்கு வந்தவள், கடைசி வரி எழுத்துவரை கடகடவென்று படித்தவள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, எழுதிக்கொடுக்க ஒன்றுமில்லை. நான்தான் அன்றிலிருந்து சரியாக இல்லை. ஆறு மாதப் பழக்கத்துக்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுத்தேன். அதற்கு முன்னால் அரைமணி நேரம் என் வண்டியின் அருமை பெருமையைப் பேசித் தொலைத்திருந்தேன்.

"உங்க வாய் ஓடுற மாதிரி அந்த வண்டியும் ஓடட்டும். தள்ளக்கூடாது, கட்டி இழுக்கக்கூடாது, தானா கேட்டைத் தாண்டணும். அப்புறம் பேசலாம்."

சொன்னால் சொன்னதுதான். அவளே நினைத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டாள், அவ்வளவு வீம்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஸ்பேனர் பிடிப்பாள். போன வாரம் வந்தபோது பையில் ஒரு காகிதம். வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றல் உத்தரவு. அடுத்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டால் போகலாம், போடாவிட்டால் இங்கேயே இருக்கலாம்.

அந்த அடுத்த ஞாயிறு இன்றைக்குத்தான். மணி நாலு.

எதிரே சுவர்.

ஷெட் வாசலில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அவளுக்கும் ரிவர்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. "யானை போயிடுச்சு, வால் மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாதபடி தோளைக் குலுக்கினாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரத்தில், வழக்கம்போல ஸ்பேனரோடு பக்கத்தில் நின்றிருந்த ஃபிட்டர் மறுபக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஃபர்ஸ்ட் கியர் போடுங்க" என்றாள்.

நான் சுவரைக் காட்டினேன்.

"போடுங்க."

போட்டேன். இடித்து நொறுங்கினால் நொறுங்கட்டும், அவள் பக்கத்தில் இருக்கும்போதே நொறுங்கட்டும் என்று கிளச்சை விட்டேன்.

சுவர் என்னைவிட்டு விலகிப் போனது.

ஒரு சாண் ஒரு முழமானது. ஷெட் கதவு பக்கவாட்டில் கடந்தது. அக்கா பக்கெட்டோடு துள்ளி நகர்ந்தாள். ஃபிட்டர் ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டாள். முன்பக்கம் போகவேண்டிய கியரில் வண்டி சமர்த்தாகப் பின்பக்கம் ஊர்ந்து, தானாகவே, யாரும் தொடாமல், கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது. டிஃபரன்ஷியலில் கிரவுன் வீல் என்று ஒரு பெரிய பல்வளையம். அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு அது இடப்பக்கம் இருக்கவேண்டும். வலப்பக்கம் மாட்டினால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"தப்பா மாட்டிட்டேன் போலிருக்கு" என்றேன்.

அவள் பையிலிருந்து மாற்றல் உத்தரவை எடுத்தாள். விரலில் இருந்த கிரீஸை அதில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு, கசக்கிக் காலடியில் போட்டாள்.

நான் இரண்டாவது கியருக்கு மாற்றினேன். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ஒரு சைக்கிள்காரர் இறங்கி ஓரமாக நின்று வழிவிட்டார். கேட்டில் அக்கா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

தெருமுனை வரும்போதுதான் யோசனை வந்தது. நான் இடப்பக்கம்தான் மாட்டினேன். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டு தடவை சரிபார்த்து மாட்டினேன். போன ஞாயிறு, மூடி போடுகிற நேரத்தில், கியர் ஆயில் வேண்டும் என்று அவள்தான் என்னைக் கடைக்கு விரட்டினாள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? அலைந்து திரிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தேன். அதற்குள் மூடியைப் போட்டு முறுக்கியிருந்தாள். பல் கொட்டிய ரிவர்ஸ் கியரும் அந்தக் கூட்டுக்குள்தான், அவள் கண்ணெதிரே இருந்தது.

இன்னொன்றும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் கிளச்சை விடுவதற்கு முன்பே அவள் என் இருக்கைமேல் கையைப் போட்டு, திரும்பி, பின்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.