மாரிசோலுக்காக

கல்லூரிப் புல்வெளியில் ரத்ததானப் பேருந்து நிற்கிறது; அதன் வாசலில் நாங்கள் வரிசையில் நிற்கிறோம். மேப்பிள் இலைகள் அதன் கூரையில் விழுந்து வெயிலில் மினுங்குகின்றன. ஆண்களை விரும்பும் ஆண்களிடம் ரத்தம் வாங்கக் கூடாது என்ற பழைய விதியால், எமெட் போன வருடம்வரை இந்த வாசலில் நின்று மற்றவர்களுக்கு பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்துக்கொண்டிருந்தவன். அவனுக்குப் பதிலாகத் தோழி மாரிசோல்தான், 'எமெட்டுக்காக' என்று எழுதிய ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் ரத்தம் கொடுப்பாள். இப்போது விதி மாறி, எல்லாருக்கும் ஒரே கேள்விகள். பழக்கதோஷத்தில் அவள் இன்றும் அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு அவனோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் லொரெய்ன் அவள் விரலில் குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். "இரும்புச்சத்து கம்மிம்மா. இன்னிக்கு உன்கிட்ட எடுக்க முடியாது." "என்னையா வேணாங்கிறீங்க?" என்று மாரிசோல் கேட்க, எமெட் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "இப்பத் தெரியுதாடி, வாசல்ல நிக்கிறவன் கஷ்டம்?" "ரொம்ப ஆடாதடா, உனக்கு எவ்வளவுன்னு பார்ப்போம்." சிரிப்பு நின்றுவிடுகிறது. அவன் விரலை நீட்டுகிறான். லொரெய்ன் கருவியைப் பார்க்கிறாள். "உனக்குத் தாராளமா இருக்கு. வந்து படுப்பா." அவன் உடனே படுக்கவில்லை. அவள் சட்டையிலிருந்து ஸ்டிக்கரை உரித்து, தன் பெயரை அடித்து, அவள் பெயரை எழுதி, நெஞ்சில் ஒட்டிக்கொண்டுதான் படுக்கிறான். மாரிசோல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசலுக்கு வந்து பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறாள். வரிசையில் நிற்கும் எங்களை முறைக்கிறாள். "சாக்லேட் பிஸ்கட்ல யாரும் கை வைக்காதீங்க. அது அவனுக்கு."