முதலில் கதவை அடைக்கவும்

தாள்கட்டைத் தலைகீழாகப் போட்டது நான்தான்.

அச்சகத்தில் மடிப்பு மிஷின் என் பொறுப்பு. ஒரு பக்கம் நீளத் தாளைக் கொடுத்தால், மறுபக்கம் விசிறி மாதிரி மடிந்த துண்டறிக்கையாக வந்து விழும். பதினெட்டு வருட அனுபவம். அனுபவசாலி செய்கிற தப்புக்குத்தான் நாற்பதாயிரம் பிரதி கிடைக்கும்.

துண்டறிக்கையின் தலைப்பு: ‘அணு உலையில் விபத்து நேர்ந்தால்’. உள்ளே நான்கு பக்கம். முதல் பக்கம்: உடனே வீட்டுக்குள் வரவும். அடுத்தது: மேல்துணியைக் கழற்றிப் பையில் கட்டி வாசலோடு விடவும். அதற்கடுத்து: சோப்புப் போட்டுத் தலையோடு குளிக்கவும். கடைசியில்: கதவு ஜன்னலை அடைத்து, ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டவும்.

பக்கத்துக்கு எண் கிடையாது. எண் போட்டால் பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது என்று யாரோ ஒரு ஆபீசர் எடுக்கச் சொல்லிவிட்டார்.

நான் மடித்த மடிப்பில் கடைசிப் பக்கம்தான் முதலில் திறக்கும். அதாவது கதவை அடைத்து டேப் ஒட்டிவிட்டு, துணியோடு குளித்து, நனைந்ததைக் கழற்றி வாசலில் வைத்து, அதன்பிறகு வீட்டுக்குள் வரவேண்டும்.

கடைசிக் கட்டுக்குக் கயிறு போடும்போதுதான் கவனித்தேன். முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“இதையெல்லாம் யாருப்பா படிக்கப் போறா?” என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு ஒன்று நியாயமாகப் படுவதற்கு அதிக நேரம் ஆகாது.

அது மூன்று மாதத்துக்கு முன்பு. உலை வெடித்தது இன்று காலை பத்து மணிக்கு.

அப்போதிலிருந்து வானொலியில் ஒரு பெண் குரல், கால் மணிக்கு ஒருமுறை, “பதற்றம் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வழங்கப்பட்ட துண்டறிக்கையில் உள்ளபடி நடந்துகொள்ளவும்” என்கிறது. நடுநடுவே, பதற்றம் தணிய, வயலின்.

உலையைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான் துண்டறிக்கை. எங்கள் வீடு முப்பதாவது கிலோமீட்டர். ஆனாலும் எங்களிடம் ஒன்று உண்டு. அலமாரியில் பருப்பு டப்பாவுக்கு அடியில் விரிக்க நான் கொண்டுவந்தது. என் மனைவி டப்பாவைத் தூக்கி அதை உருவினாள்.

“நீங்க மடிச்சபடி செய்யணுமா, அவங்க எழுதினபடி செய்யணுமா?”

எழுதினபடி செய்தோம். ஜன்னல் இடுக்கில் நான் டேப் ஒட்டினேன். நான் ஒட்டியதன் மேல் அவள் இன்னொரு முறை ஒட்டினாள். என் அனுபவத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அக்கா வீடு நாலாவது கிலோமீட்டரில். உலையின் புகைபோக்கி அவள் மொட்டைமாடியிலிருந்து பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவாள், ஏதோ அவளே கட்டின மாதிரி.

அக்கா அச்சில் வந்த எதையும் மீறமாட்டாள். மருந்து பாட்டிலில் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்றிருந்தால் அவளும் சேர்ந்து குலுங்குவாள். பக்கம் வந்த வரிசையில்தான் செய்வாள். முதல் காரியமாகக் கதவை அடைத்து டேப் ஒட்டியிருப்பாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அவள் பிள்ளைகள் ரெண்டும் ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கும். உள்ளேயிருந்து இவள், “இருங்கடா, நீங்க வர்றது கடைசிப் பக்கத்துல” என்றிருப்பாள்.

இதை மனைவியிடம் சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டேப்புக்கு அந்தப் பக்கம் தூறல் விழும் சத்தம் கேட்டது.

அக்காவுக்குப் போன் போகவில்லை. அந்தப் பக்கம் எந்தப் போனும் போகவில்லை. துண்டறிக்கை அடிக்கக் கொடுத்த பாதுகாப்பு அலுவலகத்துக்கு மட்டும் முதல் மணியிலேயே கிடைத்தது. ஒரு பெண் எடுத்தாள்.

“ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. துண்டறிக்கையக் கடைசிப் பக்கத்துலேருந்து படிக்கணும்னு ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“உங்க கருத்துக்கு நன்றி சார்.”

இரண்டாம் முறை, “குறிச்சுக்கிட்டேன் சார்.” மூன்றாம் முறை, “மேலதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தியாச்சு சார்.” வானொலியில் வயலின்தான் வந்தது.

நாலாவது முறை கூப்பிட்டபோது எனக்குக் கிண்டல் வரவில்லை.

“மடிச்சவனே நான்தாம்மா. என்னை என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க. நாலாவது கிலோமீட்டர்ல எங்க அக்கா இருக்கா. அதைப் படிச்சுட்டு அப்படியே செஞ்சிருப்பா. ரெண்டு சின்னப் பிள்ளைங்க, கதவுக்கு வெளியில, மழையில நிக்குதுங்க. அவங்ககிட்ட யாராவது சொல்லுவீங்களா மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது. அவள் குரல் தணிந்தது. ‘சார்’ போய்விட்டது.

“உங்க அக்கா எதையும் தப்பாப் படிச்சிருக்க மாட்டாங்கண்ணா. அது எந்த வீட்டுக்கும் போகவே இல்ல. ஒரு கட்டுகூடப் பிரிக்கல. இன்னைக்குக் காலைலதான் எல்லாத்தையும் குடோன்லேருந்து தூக்கிட்டு வந்து, எங்க ஆபீஸ் ஜன்னலுக்கு, வெளிக்காத்து வராம, அண்டக் குடுத்தோம். நான் அதுமேல சாஞ்சுக்கிட்டுதான் பேசுறேன்.”