எட்டு யன்னல்கள்

கேற்றைத் திறந்ததுமே கனகேஸ்வரிக்கு விசர் வந்துவிட்டது. வீட்டின் எட்டு யன்னல்களும் ஆவென்று திறந்து கிடந்தன.

மூன்று நாள் அவள் இல்லை. கொழும்பில் வீட்டிலிருக்கும் தமிழர் எல்லாரையும் பதியவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் ஒருவரின் பெயர் விடுபட்டுப்போனதென்று ஸ்டேசனுக்குக் கூட்டிக்கொண்டுபோய், இருத்தி வைத்து, இன்று மத்தியானம்தான் போகவிட்டார்கள். அங்கே வாங்கில் குந்தியிருந்தபோதும் அவளுடைய யோசனை முழுக்க வெள்ளவத்தைக் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், தன் வீட்டில் தான் பகலில் பார்த்துக்கொள்ளும் பதினொரு பிள்ளைகளைப் பற்றித்தான்.

"மாக்ரெட், இதென்ன வேலை? யன்னல் திறக்கக்கூடாதெண்டு உமக்கு எத்தினை தரம் சொன்னனான்?"

மாக்ரெட் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஆயா. மூன்று நாளும் தனி ஆளாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவள், வாசலில் நன்றியை எதிர்பார்த்து நின்றாள்.

"கரண்ட் கட் மிஸ். ஃபேன் சுத்தல்ல. புள்ளைகளுக்கு வேர்த்துக் கொட்டிச்சி, அதான் தொறந்தேன்."

"வேர்த்தால் துடைக்கலாம். கடற்காத்துப் பட்டுச் சளி பிடிச்சால் ஆர் பதில் சொல்லுறது? ஏற்கெனவே தர்சிகாவின்ர இருமலோட நான் படுற பாடு தெரியாதோ?"

அந்தப் பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வயதுத் தர்சிகா காலையில் சிரித்துக்கொண்டு வருவாள். அரை மணித்தியாலத்தில் இருமத் தொடங்குவாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தொடங்குவார்கள். பின்னேரத்தில் அவளுக்கு முட்டு இழுக்கும், நெஞ்சு பூனைக்குட்டிபோல் கரகரக்கும்.

கனகேஸ்வரி செய்யாத வேலையில்லை. பாய்களைத் தேய்த்துக் கழுவினாள். விரிப்புகளைக் கொதிநீரில் அவித்தாள். பஞ்சுப் பொம்மைகளை எறிந்தாள். பக்கத்து வீட்டுப் பூனையைக் கல்லால் அடித்துத் துரத்தி, பக்கத்து வீட்டாரோடு கதைப்பேச்சும் இல்லாமல் போயிற்று. இருமல் மட்டும் போகவில்லை.

போன கிழமை தர்சிகாவின் தாய் வந்து, "இந்த மாசம் முடிய மட்டும் பாப்பன் ரீச்சர். பிறகு பிள்ளையை வேற இடத்திலதான் விடவேணும்" என்றாள். கோடுகள் இருக்கும் புதுக்கடையில், வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்தின் கந்தோரில் வேலை செய்பவள். சண்டை பிடித்திருந்தாலாவது பரவாயில்லை. தன்மையாகச் சொன்னதுதான் கனகேஸ்வரியைச் சுட்டது. அந்தப் பிள்ளை நித்திரையில் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்கும். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமே இல்லை.

உள்ளே வந்து பார்த்தாள். பிள்ளைகள் பாயில் வரிசையாக நித்திரை. தரை கூட்டியிருந்தது. ஆனாலும் வீட்டில் வழக்கமாக இருக்கும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரிப் பட்டது. என்னவென்று பிடிபடாமல் நின்றாள்.

சாமி அறை வாசலில் சாம்பிராணித் தட்டு கண்ணில் பட்டது. மூன்று நாளைக்கு முந்தின சாம்பல் அப்படியே குளிர்ந்து கிடந்தது. ஓ, இதுதான் குறை என்று நினைத்தாள்.

"சாம்பிராணியும் போடேல்லையோ?"

"அது உங்க சாமி காரியம் மிஸ். நான் வேதக்காரி. அதுல எப்படிக் கை வைக்கிறது?"

"சாமிக்கில்லை மாக்ரெட், கிருமிக்கு. இவ்வளவு காலமும் என்னோட நிண்டு இதுகூடத் தெரியேல்லையே?"

பச்சைப் பிள்ளைக்குத் தலைக்கு வார்த்தால் சாம்பிராணிப் புகை பிடிப்பார்கள். பச்சைப் பிள்ளைக்கே நல்லதென்றால் மூன்று வயதுக்கு எவ்வளவு நல்லது என்பது கனகேஸ்வரியின் கணக்கு. அதனால் காலையில் பிள்ளைகள் வருமுன் ஒருதரம், மத்தியானம் படுத்தபிறகு ஒருதரம், யன்னலெல்லாம் பூட்டி மூலை முடுக்கெல்லாம் புகை காட்டுவாள். இருமல் கூடின நாளில் ஒரு பிடி கூடப் போடுவாள்.

மூன்று நாள் விட்டுப்போனதை இன்றைக்கே பிடிக்கவேண்டும். அவள் எட்டு யன்னல்களையும் படார் படாரென்று சாத்தினாள். சிரட்டைக்கரியை மூட்டி, கை நிறையச் சாம்பிராணி அள்ளிப் போட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்களைச் சுற்றி வந்தாள்.

மூன்றாம் சுற்றில் தர்சிகா எழும்பி உட்கார்ந்து இருமினாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன். பிறகு சுவரோரம் இரண்டு பேர்.

"பாரும், பாரும். நான் இல்லாத நாளில நீர் பார்த்த வடிவு இதுதான்" என்று மாக்ரெட்டைப் பார்த்துச் சீறினாள். மாக்ரெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தர்சிகாவின் தாய் வாசலில் வந்து நின்றாள். ரீச்சரை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, கந்தோரில் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். பிள்ளையைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள் என்றே கனகேஸ்வரி நினைத்தாள்.

"பிள்ளை, கோவிக்காதையும். மூண்டு நாள் கவனிப்பில்லாமல் போச்சு. யன்னலெல்லாம் திறந்து விட்டு, சாம்பிராணியும் போடாமல், பாரும் பிள்ளை எப்பிடி இருமுது. நாளையில இருந்து மூண்டு நேரமும் நானே புகை காட்டுறன். ஒரு கிழமை பொறும், காணும்."

தாய் பாயில் இருமிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய் முதல் யன்னலைத் திறந்தாள். பிறகு திரும்பி, கனகேஸ்வரியின் கையில் புகைந்துகொண்டிருந்த தட்டைப் பார்த்தாள்.

"மூண்டு நாளா இவள் ஒருக்காலும் இருமேல்லை, ரீச்சர்."